கூரையில் விழுந்த சத்தம்

செம்பனைத் தோட்டத்து லாரிக்கு என்று ஒரு மொழி இருக்கிறது. தமிழ் இல்லை, மலாய் இல்லை, வங்காளமும் இல்லை. உள்ளங்கை பேசும் மொழி. பழக்குலைகளை அடுக்கிக்கொண்டு லாரியின் மேல் நிற்பவர் குனிந்து, ஓட்டுநரின் தலைக்கு மேலிருக்கும் தகரக் கூரையில் பட்டென்று ஒரு தட்டு தட்டுவார். இந்தக் குவியல் முடிந்தது, அடுத்த குவியலுக்குப் போ என்று அதற்குப் பொருள். ஓட்டுநர் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பயனில்லை. முதுகுக்குப் பின்னால் இரும்புத் தட்டி, தட்டிக்குப் பின்னால் குலைகள், குலைகளுக்கு மேல் மனிதர். சத்தம் கேட்கும், கியர் விழும், லாரி நகரும். மேலே நிற்பவர் அதற்குள் சட்டென்று குந்திக்கொள்வார். அடுத்த குவியல் வரை அவருக்குக் குலைதான் இருக்கை, காற்றுதான் கைப்பிடி.

என் அக்காவின் கணவர், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், இந்த மொழியைக் கேட்டே தலை நரைத்தவர். நிபோங் திபால் ஊரைச் சுற்றியிருக்கும் சிறு தோட்டங்களில் பழம் ஏற்றி எண்ணெய் ஆலையில் கொட்டுவது அவர் வேலை. லாரி ஒரு கண்ட்ராக்டருடையது. கூட எப்போதும் இரண்டு பேர். கீழே நிற்பவர் வங்காளதேசத்துக்காரர். கூர்க்கம்பியால் குலையைக் குத்தி, இடுப்பை ஒரு திருப்புத் திருப்பி, தலைக்கு மேல் வீசுவார். மேலே நின்று வாங்கி அடுக்குகிறவர் நம் ஆள், அத்தானைவிட இளையவர். அத்தான் அவரைத் தம்பி என்பார். நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன்.

தம்பி விழுந்த அன்று காலையில்தான் மழை விட்டிருந்தது. குலையின் முள் முனைகளில் ஈரம். பாதையில் சேறு. அத்தான் எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். தலைக்கு மேல் ஒரு சத்தம் கேட்டது. கியரைப் போட்டார். லாரி ஓர் ஆள் நீளம்கூடப் போயிருக்காது. பின்னாலிருந்து வேறொரு சத்தம். அதை அவர் எனக்கு ஒருபோதும் விவரித்ததில்லை.

தம்பி பின்பக்கமாகச் சரிந்து, பாதையோரம் கொட்டியிருந்த கற்களின் மேல் விழுந்திருந்தார். இடுப்பெலும்பு உடைந்துவிட்டது. குதிகாலும். மூச்சு இருந்தது, நினைவும் இருந்தது.

இதில் ஒரு சங்கடம் இருந்தது. கீழே நின்றவர் சில வேளை குலையைச் சற்று முன்தள்ளி வீசிவிடுவார். அது தம்பியின் கைக்குப் போகாமல் கூரையில் விழும். கூரை முழுக்க அப்படி விழுந்த பழைய பள்ளங்கள். அன்று அத்தான் கேட்டது தம்பியின் கையா, தவறி விழுந்த குலையா? கை என்றால் அது விபத்து. குலை என்றால் அது அத்தான்.

பார்த்தவர் யாரும் இல்லை. கீழே நின்றவரை அங்கேயே கேட்டிருக்கிறார்கள். தாக் நம்பாக், பாங், என்றாராம். பார்க்கலண்ணே. கடைசிக் குலையை வீசிவிட்டு அடுத்ததைக் குத்தக் குனிந்திருந்தேன், எங்கே போய் விழுந்தது என்று தெரியாது. லாரிக்கு முன்னால் ஒரு குலை கிடந்தது உண்மைதான். ஆனால் செம்பனைப் பாதையில் குலை கிடப்பது, கடற்கரையில் கிளிஞ்சல் கிடப்பது மாதிரி. அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

அறுவைக்காகத் தம்பியை, கடலுக்கு இந்தப் பக்கம் நான் இருக்கும் தீவுக்குக் கொண்டுவந்தார்கள். என் அடுக்குமாடி வீடு அந்த ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம். ஆகவே அத்தானும் பாலம் கடந்து வந்து சேர்ந்தார், தோளில் ஒரு பையோடு. லாரிச் சாவியைக் கண்ட்ராக்டரிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். லீவா அத்தான் என்று கேட்டேன். இல்ல மச்சான், குடுத்துட்டேன், என்றார். அதோடு அந்தப் பேச்சை நிறுத்திக்கொண்டார். அக்கா போனில் அழுதாள். சக்கரத்தைப் பிடிக்காமல் இந்த மனிதர் என்ன செய்வார், உட்கார்ந்து உட்கார்ந்தே செத்துப்போவார் என்றாள். அவருக்கு வேறு வேலை தெரியாது என்பதற்காக அவள் அழவில்லை. அவருக்கு வேறு அமைதி கிடையாது என்பதற்காக அழுதாள்.

நானோ ஓரிடத்தில் நிற்காதவன். மார்க்கெட் ஸ்திரீட் ஜவுளிக்கடை ஒன்றில் புடைவைகளை விரித்து மடித்துப் பகலைக் கழிக்கிறேன். மடிக்கும்போதே மனசு எங்கோ ஓடிவிடும். சந்துகளில் நடக்கும், ஃபெர்ரி ஏறும், திரும்பி வரும். அத்தான் அதற்கு நேர்மாறு. வைத்த இடத்தில் இருப்பார். அந்த நாட்களில் என் கூடத்தில் வைத்த அலமாரி மாதிரி இருந்தார். ஜன்னல் வழியே கீழே கார் நிற்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு. காலையில் என்னோடு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புவார். கேன்டீன் வரை வருவார். அங்கே ஒரு கோப்பை தே வாங்கி முன்னால் வைத்துக்கொண்டு, நீ போய்ட்டு வா மச்சான் என்பார். நான் திரும்பி வரும்போது தேயின் மேல் ஆடை படர்ந்திருக்கும்.

மேலே, வார்டில், தம்பி கண்ணைக் கூரையில் நிறுத்தியபடி படுத்திருப்பார். பக்கத்தில் அவர் மனைவி, பிளாஸ்டிக் நாற்காலியில். சிரிக்கத் தெரிந்த பெண். சிரிப்பிலேயே குத்தத் தெரிந்த பெண்.

முதல் நாள் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள், நான் கஞ்சிப் பாத்திரத்தை வைத்துவிட்டு நிமிர்வதற்குள், “கீழ லிஃப்ட் ரிப்பேராண்ணே?” என்றாள்.

இல்லையே என்றேன்.

“ஒங்க அத்தான் இன்னும் மேல வரலியே, அதான் கேட்டேன்.”

தம்பி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்து, அண்ணே பசியாறிட்டாரா என்று என்னிடம் மெல்லக் கேட்டார். உடைந்த இடுப்போடு கிடப்பவர், முழு இடுப்போடு கீழே உட்கார்ந்திருப்பவர் பசியாறினாரா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியைக் கீழே எடுத்துப் போய்க் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. கேன்டீனுக்கு இறங்கி வந்து, நல்லாருக்காரு அத்தான், பேசினாரு என்று மட்டும் சொன்னேன். என்ன பேசினாரு? ஒங்களக் கேட்டாரு. என்னத்தக் கேட்டாரு? நான் அவருடைய ஆறிய தேயை எடுத்துக் குடித்துவிட்டேன்.

ஒரு சாயங்காலம் கடையிலிருந்து திரும்பினால், அத்தான் கீழே என் பழைய காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு சின்னப் பலாப்பழம். சந்தையில் வாங்கியிருக்கிறார். குலை மாதிரியே முள்ளு, ஏறக்குறைய குலையின் கனம், வேற எதுவும் கெடைக்கல என்றார். என்னைக் காருக்குள் உட்காரச் சொன்னார். எஞ்சினைப் போடு, காத்தாடியப் போடு, கண்ண மூடிக்க. நான் மேல தட்டுவேன். இல்லன்னா பழத்தப் போடுவேன். எதுன்னு நீ சொல்லணும்.

அபத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. உட்கார்ந்தேன். கண்ணை மூடினேன்.

தலைக்கு மேல் தகரம் அதிர்ந்தது. கை, என்றேன்.

மறுபடி அதிர்ந்தது. கனத்த, அடிவயிற்றில் கேட்கிற சத்தம். பழம், என்றேன்.

கை. பழம். பழம். கை. ஒன்றும் தப்பவில்லை. கையின் சத்தத்துக்கு விரல்கள் உண்டு, பழத்தின் சத்தத்துக்கு எடை மட்டும். கண்ணைத் திறந்தபோது அத்தான் கண்ணாடிக்கு வெளியே பலாப்பழத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். தூங்கும் பிள்ளையைத் தூக்கியவர் மாதிரி.

“ஒனக்கே தெரியுதே மச்சான்,” என்றார். “லாரியில ஏறாதவன் ஒனக்கே தெரியுதே.”

இது லாரி இல்ல அத்தான், லாரி எஞ்சின் சத்தத்துல இதெல்லாம் எங்க கேக்கும் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் மேல்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த சீனத்து ஆண்ட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் கட்டடத்தில் அவருக்குத் தெரியாமல் ஒரு பூனை குட்டி போட முடியாது. பலாப்பழத்தை இப்படிக் கார் மேல் அடித்துத்தான் உங்கள் வீட்டில் பழுக்க வைப்பீர்களா என்று மலாயில் கேட்டார். நான் ஆமாம் என்றேன். என் வீட்டுக்கும் ஒரு சுளை அனுப்புலா என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அத்தான் சிரிக்கவில்லை. இப்ப நான் உள்ள, நீ வெளிய, என்றார்.

அவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். எஞ்சின் ஓடியது. நான் கையால் தட்டினேன். பிறகு பழத்தைப் போட்டேன். பிறகு தட்டினேன். எதுன்னு சொல்லுங்க அத்தான் என்று குனிந்து ஜன்னல் வழியே பார்த்தேன். அவர் கீழே, தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மறுபடி போடு,” என்றார்.

பழத்தைப் போட்டேன். அவருடைய இடது கால் தானாக எழுந்து கிளட்ச்சை மிதித்தது. கையால் தட்டினேன். கால் மிதித்தது. பழம். மிதித்தது. காது இரண்டையும் பிரித்துக் கேட்டதோ என்னவோ, கால் பிரிக்கவில்லை. அது காதுக்காகக் காத்திருக்கவும் இல்லை. சத்தம் விழுந்த கணத்தில் போய்விட்டது.

“ரெண்டுக்கும் போவுது மச்சான்,” என்றார். அவ்வளவுதான் சொன்னார். எஞ்சினை நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்து, இருட்டிக்கொண்டு வருகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து நான் இதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பழக்கம் என்று நாம் மெச்சுகிற ஒன்று உண்டு. கை பழகிவிட்டது, கால் பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்கிறோம். வேலை நம் உடம்புக்குள் வந்து குடியேறி, நம்மைக் கேட்காமலே விளக்கைப் போடுகிறது, கதவைத் திறக்கிறது. யார் கதவைத் தட்டினார்கள் என்று அது பார்ப்பதில்லை. ஆள் விழாத வரைக்கும் அதற்குத் திறமை என்று பெயர்.

மறுநாள் அவர் கேன்டீனில் நிற்காமல் நேரே லிஃப்டுக்குள் நுழைந்தார். நான் பின்னால் ஓடினேன். வார்டு வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேணாம் அத்தான், இது கோவில் இல்ல என்றேன். அப்படியும் ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார்.

தம்பியின் கண்கள் அவரைப் பார்த்ததும் நனைந்துவிட்டன. வாங்கண்ணே, என்றார். மனைவி எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள், கொஞ்சம் பலமாகவே. அத்தான் உட்காரவில்லை. எப்படி இருக்க, சாப்பிட்டியா, நர்சு மிஸ்ஸிங்க நல்லாப் பாத்துக்கிறாங்களா என்ற எதுவும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அத்தனை நாள் கீழே உட்கார்ந்து வைத்திருந்த ஒன்றே ஒன்றுதான் வந்தது.

“நீ தட்டினியா, தம்பி?”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றியது. இந்த மனிதர் சாவியை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். பொய்யாக இருந்தாலும் சொல்லிவிடேன் என்று மனசுக்குள் கெஞ்சினேன். தம்பியும் அதைத்தான் யோசித்திருப்பார் போல. அவர் உதடு ஒருமுறை அந்தச் சொல்லுக்காகத் திறந்தது.

“தெரியலண்ணே,” என்றார். “சத்தியமாத் தெரியல. தட்டாத நாளு ஏது? கை தானாப் போவும். அன்னிக்குப் போச்சா இல்லியான்னு யோசிச்சு யோசிச்சுப் பாக்கிறேன். தட்டின மாதிரியும் இருக்கு. தட்டியிருந்தா குந்தியிருப்பேனே, ஏன் நின்னுக்கிட்டு இருந்தேன்னும் இருக்கு.”

அத்தான் தலையசைத்தார். நின்னுக்கிட்டு இருந்தேன் என்ற சொல் அவருக்குள் இறங்கியதை நான் பார்த்தேன்.

அப்போதுதான் மனைவி பேசினாள். சிரிப்பு இல்லாமல்.

“தட்டினாரு, தட்டல. ரெண்டு பேருக்கும் இதுதானா பேச்சு? நீங்க எறங்கி ஒரு தடவ பாத்துட்டு எடுத்திருந்தா என்னாண்ணே?”

தம்பி படுத்தபடியே கையை உயர்த்தினார். நீ சும்மா இரு, ஒனக்கு வேலையப் பத்தித் தெரியாது என்றார். ஒவ்வொரு குவியலுக்கும் இறங்கி ஏறினால் வெயில் சாய்வதற்குள் பாதித் தோட்டம்கூட முடியாது, ஆலையில் மற்ற லாரிகளெல்லாம் முந்திக்கொள்ளும், கண்ட்ராக்டர் கத்துவார், கீழே நிற்கிற வங்காளத்துப் பையாவே திட்டுவான், இந்த நாட்டில் எந்த ஓட்டுநர் இறங்கிப் பார்க்கிறார் சொல் பார்க்கலாம் என்று மூச்சு வாங்க அடுக்கினார். தன்னை விழவைத்த முறைக்காக, விழுந்த உடம்போடு படுத்துக்கொண்டே வாதாடினார். அவருடைய நியாயம் முழுக்க உண்மை. அவள் கேட்டதும் முழுக்க உண்மை. இரண்டும் ஒரே கட்டிலின் இரு பக்கமும் நின்றன.

அவள் போர்வையை விலக்கினாள். முதுகு புண்ணாகாமல் இருக்க அவரை ஒருக்களித்துத் திருப்ப வேண்டிய நேரம். வழக்கமாக மிஸ்ஸி வருவார். அன்று அவள் மிஸ்ஸியைக் கூப்பிடவில்லை.

“புடிங்க,” என்று அத்தானைப் பார்த்துச் சொன்னாள். “இந்தப் பக்கம் தோளு, இங்க தொடை. பாத்து.”

அத்தான் குனிந்து பிடித்தார். அவள் தலையணையை எடுத்துக்கொண்டு ம் என்றாள். அவர் திருப்பவில்லை. மறுபடி ம் என்றாள். அசையவில்லை. தம்பியின் முகத்துக்கு நேராகத் தன் முகத்தைக் கொண்டுபோய் நின்றார்.

“நீ சொல்லு,” என்றார். “நீ வாயத் தொறந்து சொன்னாத்தான்.”

தம்பி வலிக்குப் பயந்து ஒரு கணம் மூச்சைப் பிடித்தார். பிறகு, ம், திருப்புங்கண்ணே, என்றார். அத்தான் திருப்பினார்.

தம்பி இப்போது நடக்கிறார், ஒரு பக்கம் சாய்ந்து, ஊன்றுகோலோடு. லாரி ஏறுவதில்லை, இனி ஏறவும் மாட்டார். அத்தானோடு பேசுகிறார், அவர்கள் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் அத்தான்தான் முதலில் போய் நிற்கிறார். அந்தக் கேள்வியை இருவரும் மறுபடி எடுத்ததாகத் தெரியவில்லை. பதில் கிடைக்காத கேள்வியோடு ஒரு மனிதர் வேலைக்குத் திரும்ப முடியுமா என்று அக்கா பல நாள் பயந்தாள். அவர் ஒரு காலையில் எழுந்து, காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, சாவியைக் கேட்டு வாங்கப் போய்விட்டார்.

அண்மையில் ஒரு விடுமுறை நாளில் அவரோடு லாரியில் போனேன். எனக்கு எங்காவது போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவருக்கும் துணை பிடித்திருந்தது. மேலே புது ஆள், நேப்பாளத்துப் பிள்ளை. முதல் குவியல் முடிந்ததும் கூரையில் பட்டென்று தட்டினான். அத்தான் எஞ்சினை அடக்கிவிட்டு, கதவைத் திறந்து, சேற்றில் இறங்கினார். பின்பக்கம் போய் அண்ணாந்து நின்றார். நானும் இறங்கிப் பார்த்தேன். மேலே நின்றவன் கையை விசிறினான். ஜாலான்லா, பாங், போகலாம்லா என்று சலித்துக்கொண்டான். அத்தான் அசையவில்லை. டூடுக், என்றார். உட்கார். அவன் முணுமுணுத்தபடி குந்தினான். பெகாங். பிடி. எதைப் பிடிக்க என்பது மாதிரி அவன் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான். அத்தான் அங்கே புதிதாகக் கட்டியிருந்த கயிற்றைக் காட்டினார். அவன் பிடிக்கும் வரை நின்றார்.

எல்லாக் குவியலிலும் இப்படித்தான். அவருடைய முட்டி பழைய முட்டி. ஏறும்போது கதவுக் கம்பியைப் பிடித்து, ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டுத்தான் ஏற வேண்டியிருந்தது. எதிரே வந்த இன்னொரு லாரிக்காரர் வேகத்தைக் குறைத்து, “என்னாண்ணே, லாரியச் சுத்தி வலம் வர்றீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவர் லாரியின் மேல் ஓர் ஆள் நின்றபடியே போய்க்கொண்டிருந்தான். அத்தான் அவனைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார், வளைவில் மறையும் வரை.

ஆலைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். எங்களுக்கு முன்னால் பழ லாரிகள் வாசலையும் தாண்டிச் சாலை வரைக்கும் நின்றன. எஞ்சினை அணைத்தார். அக்கா கட்டிக்கொடுத்த பொட்டலத்தைப் பிரித்து, பாதியை என்னிடம் நீட்டினார். இப்படித்தான் மச்சான், தினமும் கடைசி, என்றார். வரிசை கொஞ்சம் நகர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு, மேலே இருப்பவனைப் பார்க்க அவர் மறுபடியும் கதவைத் திறந்து இறங்கினார்.